குளிசைப் பெட்டியை ஓதிய உம்மாவுக்கு

அன்புள்ள உம்மா,

எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். மௌத்தாகி மண்ணறைக்குப் போனவர்களுக்குக் கடிதம் எழுதுவது நம் வழக்கமில்லை. குர்ஆனில் யாஸீன் ஓதுவதுதான் வழக்கம், அதை வெள்ளிக்கிழமைகளில் ஓதுகிறேன். ஆனால் இப்போது சொல்லவேண்டியது ஓதி முடிக்கிற விஷயமாக இல்லை. கதைப்பதும் எனக்கு அவ்வளவாக வராது, உங்களுக்குத் தெரியும்.

வீட்டில் எல்லோரும் நலம். வாசல் படலைக்குப் புதுத் தகரம் அடித்தாயிற்று. தம்பி அக்கரைப்பற்றில் ஒரு கடையில் வேலைக்கு நிற்கிறான். நான் பட்டம் முடித்துவிட்டேன், படித்தது அரபு மொழி. வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகிற பெண்களுக்கு மருதமுனையில் பேச்சு அரபு சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு மண்டபம் நிறைந்த ஆட்களுக்கு முன்னால் நின்று நான் கதைக்கிறேன் என்றால் நம்புவீர்களா?

போன கிழமை வகுப்புக்கு ஒரு வெறும் மருந்துப் பெட்டியைக் கொண்டுபோனேன். நீங்கள் குவைத்திலிருந்து கொண்டுவந்த பிரஷர் குளிசைப் பெட்டி. பரீனா என்ற பெண்ணிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். ஸபர், ஸேர் என்ற உயிர்க்குறிகள் போடாத எழுத்து. ஆனாலும் சிறுவயதிலிருந்தே குர்ஆன் ஓதிய நாக்கு அல்லவா, தட்டுத்தடுமாறினாலும் நீட்டவேண்டிய இடத்தில் நீட்டி, அழகாக முடித்தாள்.

“என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டேன்.

“அது தெரியா டீச்சர். வாசிக்கத்தானே சொன்னீங்க.”

“ஓதிட்டு, தண்ணியில மூணுதரம் ஊதிக் குடிச்சாச் சரிதானேகா!” என்றாள் பக்கத்தில் இருந்தவள். வகுப்பே சிரித்தது. கடைசி வரிசையில் இருந்த சாச்சியும் சிரித்தார்.

ஓம் உம்மா, உங்கள் தங்கையும் போகிறார். இறக்காமத்தில் அவர்களுடைய வயலை அறுவடைக்குக் கிட்ட யானைகள் மிதித்துப் போட்டன. நீங்கள் போன அதே குவைத். உங்களுக்கு இருந்த அதே பிரஷர். வெளிநாடு போகிறவர்களுக்கான மெடிக்கலுக்கு முன் ஒழுங்காகக் குளிசை போட்டு, பரிசோதனையில் தப்பிவிட்டார்.

வகுப்பு முடிந்ததும் அவரிடம், “குளிசையக் கொண்டு போங்க சாச்சி. முடிஞ்சா அங்க டொக்டரிட்டக் கேட்டு வாங்குங்க,” என்றேன்.

“பைத்தியமா புள்ள? வீட்டுக்காரங்க பேக்கத் தொறந்து பார்த்தா, வருத்தக்காரி எண்டு அடுத்த பிளேன்ல அனுப்பிப்போடுவாங்க. தலை வலிச்சாப் பனடோல் இரிக்கு. உங்க உம்மா ஆசுபத்திரில அரபு வாசிச்சுக் காட்டி, நேர்ஸே மாஷா அல்லாஹ் சொன்னயாம். கூடப்பொறந்த ராத்தா சமாளிச்சா, நான் சமாளிக்கமாட்டனா?”

குடும்பத்தில் இந்தக் கதைக்கு இன்னும் மவுசு குறையவில்லை. நீங்கள் போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னது. தலைவலி என்று நீங்கள் பல நாள் கேட்ட பிறகு வீட்டுக்கார மேடம் உங்களைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். உங்கள் அடையாள அட்டை அவருடைய கைப்பையில். டொக்டர் கேட்டது அவரிடம், பதில் சொன்னதும் அவர். தலைவலி வருத்தம் மட்டும்தான் உங்களுடையது. வெளியே வரும்போது நேர்ஸ் பெட்டியை நீட்டினார். நீங்கள் வாசித்தீர்கள். அவர் ஓரிடத்தைத் திருத்திவிட்டு, மாஷா அல்லாஹ் என்று சொல்லி, அடுத்தவரைக் கூப்பிட்டார். இவ்வளவு நன்றாக வாசிக்கிறவளுக்கு விளக்கிச் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார்.

பெட்டியில் இருப்பதை இப்போது என்னால் படிக்க முடிகிறது. தினமும் காலையில் ஒன்று. மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. அவ்வளவுதான்.

நீங்கள் ஊருக்கு வந்து, பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து, கல்முனையில் வார்ட்டில் கிடந்தபோது டொக்டர் தமிழில் கேட்டார், “குளிசைய எப்படிப் போட்டீங்க?” முதல் தடவையாக நீங்களே பதில் சொன்னீர்கள். வாய் கோணியிருந்தாலும் தெளிவாக இருந்தது. “தலை வலிச்சாப் போடுவன்.” டொக்டர் அதை எழுதிக்கொண்டு போனார். பிறகு என்னைக் கிட்டக் கூப்பிட்டீர்கள்.

“விளங்கல்ல புள்ள. மாஷா அல்லாஹ் எண்டு சொன்ன ஆளிட்டப் போய், எனக்கு விளங்கல்ல எண்டு எப்பிடிச் சொல்லுற?”

அதை நான் மட்டும்தான் கேட்டேன். மற்றவர்களுக்கு, நீங்கள் மௌத்தானது வேலைக் களைப்பால், கண்ணூறால். இதைச் சாச்சியிடமும் சொல்லிப் பார்த்தேன். “நீ படிச்ச புள்ள, எல்லாத்துக்கும் ஒரு காரணம் வெச்சிரிப்பாய்,” என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனார். கோபிக்கவும் முடியவில்லை. பெட்டியை வகுப்புக்குக் கொண்டுபோவதற்காக வெளியே எடுத்துவைத்த குளிசை அட்டைகள் அநேகமாக உடைக்கப்படாமலே இருந்ததை அவருக்கும் காட்டினேன். “பார், மிச்சம் புடிச்சுக் கொண்டந்திரிக்கா,” என்றார்.

வகுப்பில் இப்போது முதல் நாளே நான் சொல்லிக்கொடுக்கிற வசனம், ‘எனக்கு விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள்.’ ஸலாம் சொல்வதெல்லாம் அதற்குப் பிறகுதான். என் போன் நம்பரை எல்லோருக்கும் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். சாச்சியோ பரீனாவோ யாராக இருந்தாலும், கிளினிக்கிலிருந்து அழைத்தால் எடுப்பேன். மேடம் பக்கத்தில் நின்றாலும், போனை டொக்டரிடம் கொடுக்கச் சொல்லிக் கதைப்பேன். கூச்சப்படமாட்டேன்.

ஆனால் சாச்சி அழைக்கவேண்டுமே. அழைப்பதற்கு, அவர் தனக்கு விளங்கவில்லை என்று ஒத்துக்கொள்ளவேண்டுமே.

இனி, இவ்வளவு நேரமும் சொல்லாமல் வைத்திருந்தது. மௌத்தானவர்களிடம் எதுவும் கேட்கக் கூடாது என்று தெரியும். கேட்பது அல்லாஹ்விடம், உங்களிடம் சொல்லிவைக்கிறேன், அவ்வளவுதான். அவன் நாடி, நீங்கள் யாருடைய கனவிலாவது வருவதானால் என்னிடம் வரவேண்டாம். நான் உங்களைக் காணாமலே இருந்து பழகினவள். வருகிற வியாழக்கிழமை பிளேன் ஏறுமுன் சாச்சியிடம் போங்கள். அன்றைக்கு வார்ட்டில் என்னிடம் சொன்னதை அவரிடம் ஒரு தடவை சொல்லுங்கள் உம்மா. நீங்கள் சொன்னால் கேட்பார்.

உங்கள் மூத்த மகள்