கடைசி உருண்டை

அன்பு மகளே,

உன்னைப் பெண் கேட்க நீ தனியாக அனுப்பிய ஷும்பெய் ஒசாகாவுக்கு வந்து, கேட்காமலே திரும்பிவிட்டான்.

மூவரும் எடுத்துச் சாப்பிட்ட பொதுத் தட்டில் கடைசி ஆக்டோபஸ் உருண்டை கிடந்தது. நம் ஊரில் கடைசியாக மிஞ்சியதை யார் சட்டென்று எடுப்பார்கள்?

"எடுத்துக்கோ தம்பி, சும்மா பிகு பண்ணாதே!" என்று உன் அப்பா அவனைச் சீண்டினார்.

"இ... இல்லீங்க, நீங்களே..."

பிகு செய்கிறவன் ஓரக்கண்ணால் உருண்டையைப் பார்ப்பான். இவனோ தன் முழங்காலையே பார்த்தான்; காதுமடல் சிவந்துவிட்டது. நான் அப்பாவின் காலை மிதித்தேன்.

அவர் பேச்சை நிறுத்தி, உருண்டையைப் பிட்டு, பாதியை அவன் தட்டில் வைத்தார். இத்தனை வருஷத்தில் எனக்குக்கூட அப்படிப் பிட்டுத் தந்ததில்லை.

கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால், "யோசிக்கலாம், என்ன அவசரம்?" என்கிறார். நாள்காட்டியில் நல்ல நாள் தேடிக்கொண்டே சொல்கிறார்.

இதற்குப் பெயர்தான் பிகு.

உன் அம்மா