அப்பாவுக்கு எட்டாத பிரேக்

என் கண்ணான மகளுக்கு,

கடவுள் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். கொட்டகையில் நீ பாதியில் விட்டுப்போன கார் நேற்று ஓடியது.

"பேரீச்சம்பழத்துக்குப் போடுற இரும்புக்கு ஸ்போர்ட்ஸ் காருன்னு பேரா?" என்று கத்தி உன்னை வாசல் தாண்ட வைத்தாரே உன் அப்பா, அவரேதான் நீ போன மறுவாரம் அதில் கைவைத்தார். விபத்தில் நசுங்கிய வண்டியின் என்ஜின், பழைய வேனின் சீட்டு என்று காயலான் கடையையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அந்தச் செலவை நான் மருந்துக் கணக்கில் எழுதினேன். பொய்யில்லை. அதன்பிறகுதான் மனிதர் ராத்திரி தூங்கினார்.

நேற்று கடவுளைக் கும்பிட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார். கால் பிரேக்கை எட்டவில்லை. முதுகுக்கு என் தலையணையை வைத்துப் பார்த்தோம், அப்போதும் எட்டவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டு நெட்டையன்தான் தெருவில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினான்.

"சீட்டைக் கொஞ்சம் முன்னாடி வச்சிருக்கலாமேங்க?"

"வெல்டு வச்சாச்சு. இனி நகராது."

"யாரு கால அளந்து வச்சீங்க?"

"உனக்கு எல்லாத்துக்கும் கணக்கு வேணுமாடி? பசிக்குது, சோத்தப் போடு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நம் வீட்டில் அவ்வளவு நீளக் கால் ஒருத்திக்குத்தான் உண்டு. நேற்று நானும் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

என் தலையணை இன்னும் அந்த சீட்டில்தான் கிடக்கிறது. நீ வந்து உட்காரும்போது எடுத்து உள்ளே போட்டுவிடு.

மனப்பாரம் இறங்கிய
உன் அம்மா