அப்பாவின் காகம்

ஜூலை 12, சனி
காலையிலிருந்து மழை. வெள்ளவத்தைக் கடல் சாம்பல் நிறம். லிஃப்ட் மறுபடி பழுது. பாணும் தேங்காயும் தூக்கிக்கொண்டு படியேறினேன்.

மத்தியானம் முழுக்க நான் செய்த கேம், 'மீன்கள்ளன்', மூன்றாம் கட்டம். ரயில் வருமுன் என் காகம் தண்டவாளத்தைத் தாண்டி மீனைக் கொத்த வேண்டும். பழைய காலத்து கேம் மாதிரி சதுரப் புள்ளிப் படம், நாலே நிறம். பிரவுசரில் திறந்தால் போதும். இணையத்தில் போட்டு ஒரு வருடம். விளையாடுபவர்: நான். எப்போதாவது வேறு யாரோ, வழி தவறி.

காகம் கரைவது அப்பாவின் குரல். போன வருடம், ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின கிழமை, போனை நீட்டி "கத்துங்கோ அப்பா" என்றேன். கத்திவிட்டு இருமினார். "காணுமோ பிள்ளை? இன்னொருக்கா வேணுமோ?"
இருமலையும் பேச்சையும் வெட்டிவிட்டேன். வைத்திருக்கலாம்.

ஜூலை 14, திங்கள்
பொரளை, அலுவலகம். சாப்பாட்டு நேரம். பக்கத்து மேசை சுதன், கொட்டாஞ்சேனைக்காரன், போனில் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தான். அதிலிருந்து அப்பா கரைந்தார்.

சோற்றை மூடிவைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன்.

வேறு பெயர், வேறு தளம், கட்டத்துக்குக் கட்டம் விளம்பரம். காகம் என்னுடையது. ரயிலும். கீழே பாராட்டுகள், பக்கம் பக்கமாக.

"அக்கா, இந்தக் காகம் கத்துறதைக் கேளுங்கோவன். சரியான பகிடி."
"அது நான் செய்த கேம், சுதன். அது எங்கட அப்பாட குரல்."
"சும்மா போங்கோ அக்கா!"
எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

ஜூலை 15, செவ்வாய்
அந்தத் தளத்துக்கு எழுதினேன். கோபமாகத் தொடங்கி, அழித்து, அழித்து, கடைசியில் கெஞ்சல். அந்தக் குரல் என் அப்பா, இப்போது இல்லை, என்றெல்லாம்.
அம்மாவுக்குச் சொல்லவில்லை. அம்மா: "உதைப் பாத்துப் பாத்துக் கண் போகப்போகுது. உதாலை ஆருக்கு என்ன பிரயோசனம்?"
எழுந்து அடுப்படிக்குப் போனேன்.
மா முடிந்துவிட்டது. வாங்க வேண்டும்.

ஜூலை 18, வெள்ளி
பதில். இரண்டே வரி. வருந்துகிறார்களாம். குரலை நீக்கிவிட்டார்களாம்.
திறந்து பார்த்தேன். உண்மைதான். குரலை மட்டும். காகம், ரயில், மீன் எல்லாம் அப்படியே. கொத்தும்போது இப்போது ஏதோ மணிச்சத்தம்.
திரும்ப எழுதினேன். இனிப் பதில் வராது.
என் கேமின் பக்கத்துக்குப் போனேன். அதிசயமாக ஒரு கருத்து. 'அந்த நல்ல கேமைப் பார்த்து அடித்த மலிவு நகல்.'

ஜூலை 21, திங்கள்
மழை விட்டிருந்தது. பஸ்ஸில் இடம் கிடைத்தது.
சுதன் தானாகவே வந்தான். "அக்கா, அந்தக் காகத்தின்ட சத்தத்தை மாத்திப்போட்டாங்கள். இப்ப விளையாட மனமே வருகுதில்லை."
"ஓம்," என்றேன்.
"முந்தி ஒரு உண்மையான மனுசன் கத்துற மாதிரியே இருந்தது, என்ன?"
வோஷ்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.