ஜன்னலின் உயரம்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நலம்தானே? உன் முதுகுவலி தேவலையா? எனக்கு ஒரு குறையுமில்லை, கால்தான் கொஞ்சம் கெஞ்சுகிறது.

வசந்தம் வந்துவிட்டது. நடக்க முடியாதவர்கள் அடுத்த வாரம் குடும்பத்தோடு எங்கள் பூங்காவுக்கு வருவார்கள். பாதை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, மேஸ்திரி என்னைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளினார். உட்கார்ந்து எத்தனை நாளாயிற்றோ, பாதி வழியில் தூங்கிவிட்டேன்.

"மாப்பிள்ளை ஊர்வலமாய்யா நடக்குது? கண்ணத் தொறந்து பூ தெரியுதான்னு பாரு!" என்று தலையில் தட்டினார்.

பூவே தெரியவில்லை. வேலிச்செடிதான் மறைத்தது. நின்றபடி அதை வெட்டியவனே நான்தான். மத்தியானம் முழுக்க ஒரு முழம் குறைத்தேன்.

அதிலிருந்து மனசு சரியில்லை. பாப்பாவுக்கு ஜன்னல் வைத்தபோதும் நின்றுகொண்டுதானே உயரம் அளந்தேன்? போனில் தினமும், "தெருவே தெரியுதுப்பா, ஐஸ் வண்டி போகுது" என்கிறாள். மணிச் சத்தத்தைக் கேட்டுச் சொல்கிறாளோ என்னவோ.

அவள் தூங்கும்போது, அவளுடைய சக்கர நாற்காலியில் நீ உட்கார்ந்து பார். என்ன தெரிகிறது என்று எழுது.

லாரி வந்துவிட்டது, மண் இறக்கப் போகிறேன். அவளிடம் மட்டும் கேட்காதே. எல்லாம் தெரிகிறது என்றுதான் சொல்வாள், கால் மட்டும்தான் வலிக்கிறது என்று நான் உனக்கு எழுதுவதைப் போல.

பாப்பாவின் அப்பா