ஒருவரையும் சுடாத துவக்கு

நேற்றுப் பின்னேரம் பிக்கரிங்கில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குள் நின்று திடுக்கிட்டேன். மகளுக்கு ஸ்கேட்டிங் சப்பாத்து வாங்கப் போனவன் நான். குனிந்து அளவு பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது எண்ணெய் வாசம் மூக்கில் அடித்தது. தையல் மெசினுக்கு விடுகிற எண்ணெயைவிடக் கொஞ்சம் காரமான வாசம். நாம் இரண்டு பேரும் ஒன்றாக இருந்த வோபர்ன் வீட்டில் உமது அலுமாரியைத் திறந்தால் வருமே, அதேதான். திரும்பிப் பார்த்தால் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாகத் துவக்குகள், நடுவில் உம்முடையது. உம்முடையது எப்படி அங்கே வரும், அதன் தம்பியாக்கும். நுனிவரை மரம் போர்த்திய பழைய பட்டாளத்து உருவம், ஆனால் புது மரம், புது இரும்பு, சாதாரண சம்பளக்காரனுக்குக் கட்டுப்படியாகிற விலை. கடைக்காரர் வந்து எடுத்துக் காட்டவா என்று மரியாதையாகத்தான் கேட்டார். அவர் என்னைத் திட்டியதுபோல முறைத்துவிட்டு, சப்பாத்தும் வாங்காமல் வெளியே வந்துவிட்டேன்.

நீர் போய் அடுத்த மாதத்தோடு ஒரு வருசம். இந்த ஒரு வருசத்தில் உமக்கு எழுதவென்று எத்தனையோ தரம் கதிரையில் இருந்து, எத்தனையோ தரம் எழும்பிவிட்டேன். இன்றைக்கும் இரண்டு தரம் எழும்பியாயிற்று. ஒரு தரம் தண்ணீர் குடிக்க, மற்றத்தரம் பூட்டின கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்க்க. நீர் இருந்திருந்தால், "ஐசே, ஒரு இடத்தில இரும்" என்று அதட்டியிருப்பீர்.

மன்னாரில் இருந்து வந்தவர் நீர், யாழ்ப்பாணத்தான் நான். தமிழ்க் கடையொன்றின் கண்ணாடியில் ஒட்டியிருந்த 'அறை வாடகைக்கு' என்ற துண்டுதான் நம்மைச் சேர்த்தது. ஏறக்குறைய ஒரே வயது, ஒரே அடுப்பில் சமையல், ஆனாலும் கடைசிவரை 'நீர்', 'ஐசே'தான். 'நீ' என்று இறங்க இரண்டு பேருக்கும் ஏனோ வாய் வரவில்லை. உமக்கு அப்போதே கனடாவில் இருக்கக் கடதாசி கிடைத்திருந்தது. எனக்கு அகதிக் கேஸ் இழுபட்டுக்கொண்டிருந்தது. மனைவியும் கைக்குழந்தையும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறைக்குள் இருந்தார்கள். கேஸ் வென்றால் அவர்கள் வரலாம். தோற்றால் நான் போக வேண்டும். அந்தக் காலத்தில் என் தலைக்குள் வேறொன்றும் ஓடவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு மாசி மாதத்தில் நீர் நீளமான ஒரு மட்டைப் பெட்டியோடு வந்தீர். லிப்ற்றுக்குள் எட்டாம் மாடி அன்ரி, "என்ன தம்பி, யன்னல் கேட்டின் கம்பியோ?" என்று கேட்டா. "ஓம் அன்ரி, வீட்டுக்குள்ள வெயில் கூட" என்றீர். வெளியே முழங்கால் அளவு பனி. நான் சிரித்துக்கொண்டே பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துக் கொடுத்தேன்.

வீட்டுக்குள் நீர் அதைத் திறந்ததும் என் சிரிப்புப் போய்விட்டது.

"உது என்ன?"

"துவக்கு."

"ஆற்ற துவக்கு?"

"என்ர. இண்டைக்குத்தான் வாங்கினனான். பயப்பிடாதையும் ஐசே, பேப்பர் இருக்கு. பொலிஸ்தான் தந்தது."

"பொலிஸ் துவக்கு வைக்கச் சொல்லிப் பேப்பர் தருமோ? உமக்கென்ன விசரே?"

நீர் அந்தப் பேப்பரைக் காட்டினீர். உமது படம், கையெழுத்து எல்லாம் இருந்தன. பிக்கரிங்குக்கு வடக்கே குறி பார்த்துச் சுடுகிற கழகம் ஒன்றில் சேர்ந்ததையும், வகுப்புக்குப் போய்ச் சோதனை எழுதியதையும் அப்போதுதான் சொன்னீர். பள்ளிக்கூடத்துக் கடெற் படையில் நீர் பிடித்த பழைய துவக்குக்கு இது ஒன்றுவிட்ட சகோதரம் என்றீர். நான் சோபாவின் விளிம்பில் இருந்தபடி வாசற்கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உது அசல் இல்லை ஐசே, கொப்பி. பழசின்ர உருவத்தில புதுசாச் செய்யிறாங்கள். சின்னக் குண்டு, ஒரு பெட்டி உம்மட சிகரெட் பெட்டியிலும் மலிவு. அசலில நல்லதொண்டு வாங்க என்ர ரெண்டு கிழமைச் சம்பளம் வேணும்." பிறகு மரத்தைத் தடவிக்கொண்டு, "அதோட, அசல் எண்டால் ஆற்ற கையில இருந்ததோ, என்ன செய்ததோ, ஆருக்குத் தெரியும்? உது ஒருத்தரையும் சுடேல்லை" என்றீர்.

எனக்கு அதெல்லாம் ஏறவில்லை. கேஸ் முடியும்வரை வேறெங்காவது வையும் என்று கெஞ்சினேன், சண்டை பிடித்தேன், இரண்டு நாள் கதைக்காமலும் இருந்து பார்த்தேன். வேறிடத்தில் வைத்தால்தான் சட்டப்படி பிழை என்றீர் நீர். விசைக்கு ஒரு பூட்டு, அலுமாரிக்கு ஒரு பூட்டு. கடைசியில் என் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் அலுமாரிச் சாவியில் ஒன்றை என் கையில் தந்தீர். "நினைச்ச நேரம் திறந்து பாரும். அது எழும்பி நடக்காது."

ஒரு சனிக்கிழமை என்னையும் கழகத்துக்கு இழுத்துக்கொண்டு போனீர். நான் காரை விட்டு இறங்கவில்லை. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தொப்பி போட்ட வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர், தகப்பன் வழியாக வந்த அசல் துவக்கை வைத்துக்கொண்டு உம்முடையதைப் பொம்மை என்று கேலி செய்தாராம். நீர் ஐந்து வெடி வைத்து, கடதாசியில் விழுந்த ஐந்து துளையையும் ஒரு கால்டொலர் காசுக் குற்றியால் மூடிக் காட்டினீராம். திரும்பி வரும்போது உமது வாய் ஓயவில்லை. தேத்தண்ணிக் கோப்பை பிடித்தால் நடுங்குகிற உமது கை அன்றைக்கு ஸ்ரியறிங்கில் அசையாமல் இருந்ததை நான் கவனித்தேன்.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள், நீர் காசு குடுத்து அதைக் கேக்கிறீர்" என்றேன்.

"அங்க அது எப்ப வரும், எப்ப நிக்கும் எண்டு தெரியாது. இங்க நான்தான் துடங்கிறன், நான்தான் நிப்பாட்டிறன். கிழமையில ஒரு நாள் போதும் ஐசே, மிச்ச ஆறு நாளும் என்னால நித்திரை கொள்ளேலும்."

இதற்கு மேல் எழுத வேண்டியதுதான் ஒரு வருசமாக என்னைக் கதிரையில் இருக்க விடாதது.

கேஸுக்கு ஐந்து நாள் இருந்தது. காலை பத்து மணி, நீர் வேலைக்குப் போய்விட்டீர், எனக்குப் பின்னேர வேலை. பல்கனியில் சாரம் காயப்போடப் போனவன் கீழே இரண்டு பொலிஸ் கார் நிற்பதைக் கண்டேன். கதவைத் திறந்து எட்டிப் பார்த்தால் நடையின் அந்தக் கடைசித் தொங்கலில் சீருடை. ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வருகிறார்கள்.

ஊரில் ஆமியின் சுற்றிவளைப்பு என்று காதில் விழுந்தால் யாரும் யாரையும் கேட்க மாட்டோம், கை தானாக வேலை செய்யும். காக்கித் துணி, பழைய சப்பாத்து, பற்றரி, இயக்கப் பெடியளோடு நின்று எடுத்த படம், எல்லாம் கிணற்றுக்குள் போகும். எங்கள் கிணற்றில் தண்ணீரைவிடச் சாமான்தான் கூட என்று அம்மா சொல்லுவா. அந்தக் கைதான் உமது அலுமாரியைத் திறந்தது. பேப்பர் இருக்கிறது, பொலிஸ் தந்தது, ஒரு குற்றமும் இல்லை என்பதெல்லாம் அந்தக் கைக்குத் தெரியவில்லை.

துவக்கைப் படுக்கை விரிப்பால் சுற்றி, சீருடை ஒரு வீட்டுக்குள் நுழைந்த நேரம் பார்த்து, எங்கள் கதவோடு இருந்த குப்பை அறைக் குழாய்க்குள் விடப் பார்த்தேன். நுனி போனது, பின்பக்கம் போகவில்லை. இழுத்து எடுத்துக்கொண்டு படிக்கட்டால் ஆறு மாடி இறங்கி ஓடினேன். கட்டடத்துக்குப் பின்னால் இருந்த பெரிய இரும்புக் குப்பைத் தொட்டிக்குள் போட்டு, மேலே நாலு குப்பைப் பையை இழுத்து மூடினேன். மூச்சு வாங்க மேலே வந்து கதவைச் சாத்தவும் தட்டுகிற சத்தம் கேட்டது.

ஒரு பொலிஸ்காரி. கையில் ஒரு தாத்தாவின் படம். நாலாம் மாடி மனிதராம், மறதி வியாதியாம், வீட்டுச் செருப்போடு இறங்கிப் போய்விட்டாராம், கண்டீரா என்று கேட்டா. இல்லை என்றேன். நன்றி சொல்லிவிட்டு அடுத்த கதவுக்குப் போய்விட்டா. அந்தத் தாத்தா அந்த நேரம் சந்தியில் இருக்கிற டோனட் கடையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தாராம்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. திரும்ப ஆறு மாடி இறங்கினேன். தொட்டியடியில் கட்டடம் பார்க்கிறவர் நின்றார். விரிப்பு நிலத்தில் அவிழ்ந்து கிடந்தது, அவருக்குப் பக்கத்தில் இன்னொரு பொலிஸ். பத்து அடி நடந்து போய், அது எங்கள் வீட்டுத் துவக்கு, நான்தான் பயத்தில் போட்டேன் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் கண்டதைக் காணாதவனாகத் திரும்பி மேலே ஏறிவிட்டேன். துவக்கை எறிந்தது பயம். அதை நான் மன்னித்துக்கொள்வேன். திரும்பி ஏறினதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நீர் வேலையால் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். சப்பாத்தைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தீர். ஒரு அடியாவது அடிப்பீர் என்று காத்திருந்தேன்.

"ஆரும் உம்மைக் கண்டவையோ?"

"இல்லை."

"கேஸ் எப்ப?"

"செவ்வாய்க்கிழமை."

"கடையில துவக்கு நம்பரை என்ர பேரோட எழுதித்தான் வித்தவங்கள். நாளைக்கே இங்க வந்து நிப்பாங்கள். உம்மட பேர் பொலிஸ் கடதாசியில வரக்கூடாது. செவ்வாய் முடியட்டும், பிறகு கதைப்பம்." ஜாக்கெற்றைத் திரும்பவும் போட்டீர். "தேத்தண்ணி போட்டு வையும், வாறன்."

நீராகவே பொலிசுக்குப் போய், எனக்குத் துவக்கு அலுத்துவிட்டது, நான்தான் எறிந்தேன் என்று சொன்னீர். அப்படி எறிவதே இங்கே குற்றம். நீதிமன்றத்தில் பேச்சு வாங்கினீர், தண்டம் கட்டினீர், ஐந்து வருடம் துவக்குத் தொடக்கூடாது என்று தடை போட்டார்கள். கழகம் உமது பேரை வெட்டிவிட்டது. செவ்வாய்க்கிழமை என் கேஸ் வென்றது. மனைவியும் மகளும் வந்து இறங்கியபோது விமான நிலையத்தில் மகளைத் தூக்கிக் கொண்டாடினவர் நீர்தான்.

'பிறகு கதைப்பம்' என்று சொன்னீரே, நாம் கதைக்கவே இல்லை. நீர் தொடங்குவீர் என்று நான் இருந்தேன். நான் தொடங்குவேன் என்று நீர் இருந்தீரோ தெரியாது. நாங்கள் பிக்கரிங்குக்கு வீடு மாறின பிறகும் சனிக்கிழமைகளில் நீர் வருவீர். சோபாவில் இருந்து கிரிக்கெற் பார்ப்பீர், எழும்பி யன்னலடிக்குப் போவீர், திரும்ப வந்து இருப்பீர். கோப்பையைப் பிடிக்கும்போது கை நடுங்கும். மனைவி உமக்கு அரைக் கோப்பைதான் வார்ப்பா. நான் ரீவியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

தடை முடிய நாலு மாதம் இருக்க, வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர். உமது அறையை ஒதுக்கப் போனபோது மேசை லாச்சிக்குள் துவக்குப் பேப்பருக்கான புதிய விண்ணப்பம் கிடந்தது. பேரும் பிறந்த திகதியும் மட்டும் எழுதியிருந்தீர். மிச்சத்தை ஏன் எழுதவில்லை என்று இன்னும் யோசிக்கிறேன்.

உமது செத்தவீட்டுக்கு அந்தத் தொப்பிக் கிழவர் வந்திருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இவ்வளவு அழகாகச் சுடுகிற ஆளை நான் கண்டதில்லை, ஆனால் துவக்கைக் குப்பையில் எறிந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை, அது பொறுப்பான மனிதன் செய்கிற வேலை இல்லை" என்றார். பெட்டிக்குள் நீர் படுத்திருக்கிறீர். நான் அவருக்குத் தலையாட்டினேன். ஓம், சரிதான் என்பதுபோல ஆட்டினேன்!

இப்போது நான் கனடாக் குடிமகன். என்னை இனி ஒருவரும் திருப்பி அனுப்ப முடியாது. செத்தவீட்டன்றும் அப்படித்தான். அப்படியென்றால் அன்றைக்கு நான் எதற்குப் பயந்தேன்? பழக்கம்தான், வேறென்ன.

இவ்வளவையும் எழுதிக்கொண்டிருக்கும்போது மனைவி பின்னால் வந்து நின்றா. "ஆருக்குக் கடிதம்? கண்ணெல்லாம் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டா. நான் மறைக்கவில்லை. தாள்களை அவவிடம் கொடுத்துவிட்டு அறைக்குள் இங்கும் அங்கும் நடந்தேன். வாசித்து முடித்துத் தாள்களை மேசையில் வைத்தா.

"அப்ப, நானும் பிள்ளையும் இங்க வந்தது அந்த மனிசன்ர பேரைக் குடுத்தோ?"

"ஓம்" என்றேன்.

ஆறு வருடத்தில் உம்மைப் பற்றி நான் வாய் திறந்து சொன்ன முதல் உண்மை அது. சனிக்கிழமை கழகத்துக்குப் போய்க் கிழவரிடம் மிச்சத்தையும் சொல்லப் போகிறேன். மனைவியும் வருகிறாவாம். இந்தத் தரம் காரை அவதான் ஓட்டுவாவாம். நான் ஓட்டினால் பாதியில் திருப்பிவிடுவேன் என்று அவவுக்குத் தெரியும்.