கால்சியம் பிடித்த எலக்ட்ரான்

பவானிப்பூர், கல்கத்தா
ஆசுவின மாதம், 1924

என் கண்ணான கோகாவுக்கு,

துர்க்கை அருளால் இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமென்று நம்புகிறேன், வேறு வழி எனக்கு நீ வைக்கவில்லை. என் காய்ச்சலைப் பற்றி மூன்று கடிதம் எழுதியும் பெர்லினிலிருந்து பதில் இல்லை. நட்சத்திரத்தின் சூட்டில் எந்த அணு எத்தனை எலக்ட்ரானைத் தொலைத்தது என்று எண்ணுகிறவனுக்கு, பெற்றவள் இருக்கிறாளா என்று பார்க்க நேரம் ஏது.

உனக்குப் பெண் கேட்டு ஷ்யாம்பஜார் ஜாமினி பாபு வீட்டுக்குப் போனோம். மற்றவர்கள் மாப்பிள்ளையின் படத்தைக் கொண்டுபோவார்கள், உன் அப்பா நீ அச்சுக்கு அனுப்பப்போகும் கட்டுரையின் பிரதியைக் கொண்டுவந்தார். கல்லூரியில் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர் அல்லவா, அதைவிட அழகு உன் முகத்தில் இல்லை என்று நினைத்திருப்பார். பெண் ஹிரண்மயி, பௌதிகம் எம்.எஸ்ஸி. படிக்கிறாள். சந்தேஷ் இனிப்புத் தட்டை வைத்துவிட்டுத் தலைகுனிந்து உட்காருவாள் என்று பார்த்தால், உட்கார்ந்து உன் கட்டுரையைப் படித்தாள். தட்டு காலியானபின் நிமிர்ந்து, "மாஸிமா, இவர் கால்சியத்தை மட்டும் தனியா வச்சுக் கணக்குப் போட்டிருக்கார். அங்க சோடியமும் இருக்கே. அது விட்ட எலக்ட்ரானும் அங்கதானே சுத்துது? கால்சியம் அது யாரோடதுன்னு விசாரிச்சுட்டா பிடிக்கும்?" என்றாள். உன் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை, என் பையன் பெர்லின்ல படிக்கிறான்மா என்றார். அதற்கு அவள், தெரியும் மேஸோமஷாய், சோடியம் பெர்லின்லயும் இருக்கு என்றாள். ஜாமினி பாபு தலையில் கைவைத்துக்கொண்டார். எனக்கோ பல நாளைக்குப்பின் வாய்விட்டுச் சிரிக்கக் கிடைத்தது.

உன் அப்பா மறுநாள் குளிக்காமல் சாப்பிடாமல் கணக்கைப் போட்டுப் பார்த்தார். மாலையில், பொண்ணு சொல்றது சரிதான், சூடு கம்மியான நட்சத்திரத்துல நம்ம பையன் எலக்ட்ரானை இழந்ததா சொன்ன அணுவுல பாதிகூட இழக்கலை என்றார். பிறகுதான் இலிஷ் மீனைத் தொட்டார்.

அடுத்த வாரம் அவளே திருத்தத்தோடு வந்தாள். அவர் ஒத்துக்கிட்டா ரெண்டு பேர் பேரையும் போடலாம், இல்லைன்னா என் பேர்ல தனியா அனுப்பிடுவேன், கல்யாணப் பேச்சை இதுல கலக்காதீங்க என்றாள். உன் பெயர் முதலில் வரட்டும் என்று உன் அப்பா இழுத்தார். தப்புதான் உன்னுடையது, திருத்தம் அவளுடையது என்றேன் நான்.

அவள் எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துவிட்டு, மாப்பிள்ளை மிடுக்கில்லாமல் அவளுக்கே பதில் எழுது. அதுவரை கட்டுரையை அச்சுக்குக் கொடுக்காதே. கம்பளிச் சட்டையை மறக்காதே. மாக மாதத்துச் சரஸ்வதி பூஜை வரை அவளைப் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் உன் பதில் வராவிட்டால், அவள் திருத்தத்தை அனுப்பத் தபாலாபீசுக்கு அவளோடு நானே போவேன்.

நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
உன் மா,
குமுதினி