நாலு தொண்டைப் பெட்டி

12 அக்டோபர் 2014, ஞாயிறு

துபாயிலிருந்து லீவில் வந்திருக்கும் என் கூட்டாளி ஜஸ்டின் ஆராதனை முடிந்ததும், கீபோர்டு மாதிரி வாசிக்கிற புது அனலாக் சிந்தசைசரைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். மடியில் அடங்கும் பெட்டி. சபைக்கு வாங்கலாமா என்று பார்க்கத்தான். தாளமும் கிடையாது, சுருதி மாற்றுகிற ட்ரான்ஸ்போஸ் பட்டனும் கிடையாது.

“இத வச்சு நம்ம கருங்கல் ஊர்ல என்ன செய்ய மக்கா?” என்றேன்.

இரண்டு கையாலும் ஐந்து கட்டை அழுத்தினால் ஒன்று செத்துப்போகிறது. பழுது என்றே நினைத்தேன்.

“பழுதில்லலே, இதுக்கு நாலு குரல்தான், ஒரே நேரத்துல நாலு கட்டதான் பாடும்” என்றான்.

நாலு குரல்! எங்கள் பாடகர் குழுவும் அதுதானே. சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று ஆளுக்கொரு விரல் வைத்தேன். நாலு பேர் மூச்சிழுத்துப் பாடுகிற மாதிரியே இருந்தது. ஆசை அடங்காமல் ஐந்தாவது கட்டையையும் தொட்டேன். ஆல்டோ அறுந்தது.

குழுவில் ஆல்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், பாடுகிறவள் என் மனைவி மெர்சி. அடுக்களையிலிருந்து, “எனக்க குரலத்தான் கொல்லணுமா?” என்று கேட்டுவிட்டு, அறுந்த இடத்திலிருந்து அதை அவளே பாடினாள்.

பெட்டியில் நாலு, அடுக்களையில் ஒன்று; பெட்டியால் முடியாத ஐந்தும் சேர்ந்து கேட்டது. ஜஸ்டின் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். வாங்கலாமா என்ற பேச்சையே அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

இதை எழுதுகிற இந்த ராத்திரியில் மெர்சி தூங்கிவிட்டாள். மூச்சுகூட ஆல்டோவில்தான் வருகிறது.